தமிழ் எழுத்துக்கு ஆங்கிலச் சட்டை எதற்கு?

எங்கள் ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றங்கரையில் இருக்கிறது. திருமழிசை ஆழ்வாரும் அவருடைய சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுக் கிளம்பியபோது, பெருமாளும் தன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கொண்டு பின்னாலேயே வந்து ஓர் இரவு இங்கே தங்கினாராம். ஓர் இரவு இருக்கை என்பதுதான் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். பெயருக்கே ஒரு கதை உள்ள ஊர். ஆனால் இணையப் பக்கங்களில் பல நேரம் இது 'ஒரிக்கை' என்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. டைப் செய்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஓ எழுத்தின் முடிவில் உள்ள சின்னச் சுழி, திரையில் மை அப்பியதுபோல அடைந்து போய்விடுகிறது.

இது எங்கள் ஊரின் பிரச்னை மட்டும் அல்ல. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கித் தமிழ்ப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். எழுத்து நெருக்கமாக இருக்கிறது, புள்ளி தெரியவில்லை, ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கிறது. உடனே நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மானிட்டர் சரியில்லை, அல்லது நம் கண் சரியில்லை. இரண்டும் இல்லை. பக்கத்தை வடிவமைத்தவர் ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டிவிட்டார் என்பதுதான் உண்மை.

எங்கள் தெருவில் பட்டு நெய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தான் நெய்யும் சேலைகளை நேரடியாக விற்கலாம் என்று ஒரு வெப் பக்கம் போட்டார். யாரோ ஒரு பையனிடம் பணம் கொடுத்துச் செய்த பக்கம். சில வாரம் கழித்து என்னிடம் வந்தார். "தம்பி, கண்ணாடி பவர் மாத்தணும் போல இருக்கு. நம்ம பக்கத்தை நம்மாலயே படிக்க முடியல" என்றார். நான் பார்த்தேன். என் கண்ணாடி போன மாதம் மாற்றியது. எனக்கும் படிக்க முடியவில்லை. 'நீலம்' என்று எழுதிய சேலை 'நிலம்' என்று தெரிந்தது. 'கொடி' டிசைன் கரை 'கோடி' டிசைனா என்று சந்தேகப்பட வைத்தது. விலைக்குப் பக்கத்தில் 'கோடி' என்று இருந்தால் வாங்க வருபவர் ஓடிவிட மாட்டாரா? அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சேலைக்கு இரண்டு மூன்று வாரம் தறியில் உட்காருகிற மனிதர், தவறு தன் கண்ணில் இருக்கிறது என்று நினைத்துக் கொண்டிருந்தார்.

இதற்குக் காரணமான ஸ்டைல் ஷீட் பற்றி முதலில் கொஞ்சம் பார்ப்போம். ஒரு வெப் பக்கத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. அது எந்த பாண்ட்டில், எந்த அளவில், எந்த நிறத்தில், வரிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விட்டுத் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பகுதியைத் தனி பைலாக எழுதி வைப்பதுதான் ஸ்டைல் ஷீட். இந்த யோசனையை 1994ல் முன்வைத்தவர் ஹோக்கன் வியும் லீ. முதல் தர நிர்ணயம் 1996 டிசம்பரில் வந்தது. பக்கத்தை எழுதியவரின் விருப்பமும் படிப்பவரின் விருப்பமும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது அவருடைய ஆரம்ப எண்ணம். படிப்பவரின் விருப்பம் என்ற பாதியை இன்று எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? அழகான ஆங்கில டெம்ப்ளேட் ஒன்றை டவுன்லோட் செய்கிறார்கள். அதில் உள்ள ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழை ஒட்டுகிறார்கள். ஸ்டைல் ஷீட்டை யாரும் தொடுவதில்லை. எழுத்து வந்துவிட்டது, வேலை முடிந்தது.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் அவர்களைக் கோபித்துக் கொள்ளவும் முடியவில்லை. 1990களில் தமிழ் இணையம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு பாண்ட். அதை இறக்கி நிறுவாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறியீடுகள். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீட்டு முறைகள் வந்தன. விண்டோஸ் 2000ல் லதா பாண்ட்டுடன் யூனிகோட் தமிழ் வந்தது. அதன் பிறகும் எக்ஸ்பியில் தனியாக ஒரு வசதியை நிறுவிய பிறகுதான் கொம்பும் காலும் ஒழுங்காக உட்கார்ந்தன. கட்டம் கட்டமாகத் தெரிந்த இடத்தில் 'வணக்கம்' என்று ஒரு சொல் தெரிந்தபோது நாம் அடைந்த சந்தோஷம் கொஞ்சமா? அந்த சந்தோஷத்திலேயே நின்றுவிட்டோம். எழுத்து தெரிந்தால் போதும் என்று அன்று சொன்னது நியாயம். இன்று நியாயம் இல்லை.

இனி அந்தச் சேலைப் பக்கத்துக்கு வருவோம். தலைப்புகள் எல்லாம் போல்ட். ஆனால் டெம்ப்ளேட் இணையத்திலிருந்து இறக்கிக் கொண்ட தமிழ் பாண்ட்டில் சாதாரண தடிமன் மட்டுமே இருந்தது. இப்படி இருந்தால் பிரவுசர் என்ன செய்யும் தெரியுமா? போல்ட் இல்லையே என்று சும்மா இருக்காது. இருக்கிற எழுத்தையே தானாகத் தடிக்க வைத்துவிடும். ஆங்கிலத்தில் இது அவ்வளவாக உறுத்தாது. தமிழில் ஓ, ணி, ஞூ என்று எங்கு பார்த்தாலும் சுழி. சின்ன அளவில் தடித்தால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் காணாமல் போய்விடும். ஈகார வளைவின் நுனியில் உள்ள சுழி, நெட்டைக் கொம்பின் மேல் சுழி, இவைதான் நீலத்துக்கும் நிலத்துக்கும், கோடிக்கும் கொடிக்கும் உள்ள வித்தியாசமே. இந்த நெட்டைக் கொம்பு வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். குழப்பம் தீர அவர் போட்ட சுழியை ஒரு டெம்ப்ளேட் அழித்துவிடுகிறது. தீர்வு எளிது. போல்ட் வடிவமும் உள்ள பாண்ட்டை இணைக்க வேண்டும். அது முடியாவிட்டால் தலைப்பைத் தடிக்க வைக்காமல் அளவை மட்டும் கூட்டினால் போதும்.

அடுத்தது வரிகளுக்கு இடையே உள்ள இடம். ஸ்டைல் ஷீட்டில் இதற்கு லைன் ஹைட் என்று பெயர். பல ஆங்கில டெம்ப்ளேட்களின் தலைப்பில் இது 1.2 என்று இருக்கும். அதாவது எழுத்தின் அளவைப் போல 1.2 மடங்கு உயரம் ஒரு வரிக்கு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ மேலே புள்ளியும் விலங்கும், கீழே கு, மூ, ழு என்று இறங்கும் வளைவுகளும் உண்டு. மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'ன்' மேல் வந்து உட்கார்ந்தால் புள்ளி எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான். என் அனுபவத்தில் தமிழ்ப் பத்திகளுக்கு 1.6க்குக் குறைத்தால் படிக்கச் சிரமம். 1.7, 1.8 என்று வைத்தாலும் தவறில்லை. எண்ணை மட்டும் எழுதுங்கள். பிக்சல் என்று பின்னால் சேர்க்காதீர்கள். எண் மட்டும் இருந்தால் தலைப்பு பெரிதாகும்போது இடமும் அதே விகிதத்தில் பெரிதாகும்.

பொத்தான்களில் இது இன்னும் மோசம். பொத்தானின் உயரத்தை டெம்ப்ளேட்டில் கறாராக நிர்ணயித்து, வெளியே நீட்டுவதை வெட்டிவிடும்படி கட்டளை போட்டிருப்பார்கள். 'வாங்கு' என்று எழுதினால் புள்ளி மேலே வெட்டுப்படும், 'கு'வின் வால் கீழே வெட்டுப்படும். அண்ணனின் பக்கத்தில் அந்தப் பொத்தான்தான் முக்கியம். அதுதான் 'வாஙக' என்பதுபோல நின்று கொண்டிருந்தது!

பாலாற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. அந்தக் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. இடம் பார்த்துப் படித்துக் கொண்டார்கள். 'அப்படியானால் இன்று புள்ளி தெரியாவிட்டால் என்ன?' என்று ஒரு நண்பர் கேட்டார். கல்வெட்டைப் படிப்பவர் எதிரே நின்று நிதானமாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். சேலை வாங்க வருபவர் இரண்டு நொடி பார்ப்பார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இந்த விஷயத்தில் சீனர்களும் ஜப்பானியர்களும் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். அவர்கள் எழுத்துக்கும் ஆங்கில ஸ்டைல் ஷீட் பொருந்தாது. மேலிருந்து கீழாக எழுதுவார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விட மாட்டார்கள். கடினமான சித்திர எழுத்தின் பக்கத்தில் அதன் உச்சரிப்பைச் சிறியதாகப் போடுவார்கள். இது எதுவும் முடியாது என்று சொல்லிவிட்டு அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடவில்லை. எங்கள் எழுத்துக்கு இன்ன இன்ன வேண்டும் என்று கேட்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5ல், அதாவது 1999லேயே உச்சரிப்புக் குறிப்பு வசதி வந்துவிட்டது. 2000ல் வந்த 5.5 பதிப்பில் மேலிருந்து கீழே எழுதும் கட்டளை வந்தது. ஜப்பானிய எழுத்தமைப்புக்கு என்ன தேவை என்பதை விரிவாக எழுதி 2009ல் உலகளாவிய வலை அமைப்பான டபிள்யூ3சி மூலமாகவே வெளியிட்டார்கள். இந்திய மொழிகளுக்கும் அதேபோன்ற வரைவு அங்கே இருக்கிறது. தமிழில் பிரவுசர்கள் எங்கே தடுமாறுகின்றன என்ற பட்டியலும் இருக்கிறது. அவற்றைத் திறந்து பார்த்த தமிழ் வெப் டிசைனரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அவர்களிடமிருந்து கற்றுக் கொள்ள ஒரு சின்ன விஷயம், மொழியின் பெயரைப் பக்கத்தின் தலையில் குறிப்பிடுவது. எலும்பு என்று பொருள் தரும் சித்திர எழுத்துக்கு யூனிகோடில் ஒரே எண்தான். ஆனால் உள்ளே இருக்கும் சிறு மடிப்பு சீனாவில் ஒரு பக்கமும் ஜப்பானில் மறுபக்கமும் திரும்பியிருக்கும். பக்கம் எந்த மொழி என்று சொன்னால்தான் பிரவுசர் சரியான பாண்ட்டை எடுக்கும். நம் தமிழ்ப் பக்கங்களில் பல, டெம்ப்ளேட்டில் இருந்த 'ஆங்கிலம்' என்ற குறிப்போடு அப்படியே உலாவுகின்றன. அதை 'தமிழ்' என்று மாற்றினால் தமிழுக்கு மட்டும் தனி அளவு, தனி வரி இடைவெளி என்று ஸ்டைல் ஷீட்டில் எழுத முடியும். ஆங்கிலப் பகுதி கெடாது. பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் சாப்ட்வேர்களும் எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்பைத்தான் பார்க்கின்றன.

ஆனால் அவர்களிடம் இருப்பதை எல்லாம் காப்பி அடித்துவிடவும் கூடாது. ஒரு சொல்லை வலியுறுத்த ஆங்கிலத்தில் சாய்வெழுத்து போடுவார்கள். ஜப்பானியர்கள் சாய்ப்பதில்லை, ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு புள்ளி வைப்பார்கள். ஸ்டைல் ஷீட்டில் அதற்குத் தனிக் கட்டளையே உண்டு. ஆசைப்பட்டு நான் அதைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். 'மரம்' என்பது 'ம்ர்ம்' ஆகிவிட்டது. நமக்குப் புள்ளி என்பது அலங்காரம் இல்லையே, எழுத்தாயிற்றே!

சாய்வெழுத்தும் நமக்கு ஒத்துவராது. பெரும்பாலான தமிழ் பாண்ட்களில் சாய்வு வடிவம் கிடையாது. விண்டோஸில் இப்போது இருக்கும் நிர்மலா பாண்ட்டிலும் இல்லை. சாய்வு கேட்டால் பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. காற்றில் சாய்ந்த தென்னந்தட்டி போல இருக்கிறது. வலியுறுத்த வேண்டுமானால் நிறத்தை மாற்றுங்கள், அல்லது உண்மையான போல்ட் போடுங்கள்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடும் கட்டளையும் ஆங்கிலத் தலைப்புகளில் இன்று பெரிய நாகரிகம். எல்லாம் பெரிய எழுத்தில் போட்டு, நடுவே இரண்டு மூன்று பிக்சல் விடுவார்கள். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. இடைவெளி மட்டும் வந்து சேரும். 'கொ' என்பது பார்வைக்கு மூன்று துண்டு. பழைய பிரவுசர்கள் இந்தக் கட்டளையைக் கண்டால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டுவிடும். பயர்பாக்ஸ் 2 வரை இரு ஓரமும் சமன் செய்த பத்திகளில்கூட இந்தச் சிதறல் இருந்தது. 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3தான் அதைச் சரி செய்தது. இப்போதைய பிரவுசர்கள் ஓர் எழுத்தை உடைப்பதில்லை. ஆனாலும் சொல் தளர்ந்து, பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வரியையே எடுத்துவிடுவது நல்லது.

இரு ஓரமும் சமன் செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'கொண்டிருக்கிறார்களென்று' என்று ஒரு சொல் வந்தால் மொபைல் திரையில் ஒரு வரியே அதற்குப் போய்விடும். மீதி வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய பள்ளம். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். சிலர் இந்தப் பள்ளத்தை அடைக்க, சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்ற கட்டளையைப் போடுகிறார்கள். அது சொல் இடைவெளி இல்லாத சீன, ஜப்பானிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. தமிழில் போட்டால் 'பட்' ஒரு வரியில், 'டுச்சேலை' அடுத்த வரியில்.

பாண்ட் விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சீன, ஜப்பானிய பாண்ட் ஒன்றில் பல ஆயிரம் எழுத்து வடிவங்கள் வேண்டும். பைல் பல எம்பி ஆகும். பக்கத்தோடு அனுப்புவது சுலபம் இல்லை. தமிழுக்குச் சில நூறு வடிவங்கள் போதும். பைல் பெரும்பாலும் நூறு இருநூறு கேபிக்குள் அடங்கிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டுமரத்தின் பெயர் வைத்த கேட்டமரன் என்று நல்ல பாண்ட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படி இருந்தும் பழைய பக்கங்களில் இன்னும் 'லதா' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10லிருந்து லதா தானாக வருவதில்லை. தமிழைக் கூடுதல் மொழியாகச் சேர்த்தால்தான் வரும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் முத்து நெடுமாறனின் தமிழ் சங்கம் போன்ற பாண்ட்கள் இருக்கும், ஆண்ட்ராய்டில் நோட்டோ இருக்கும். ஒரே பெயரை நம்பினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

'கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால் எழுத்து பெரிதாகிவிடுமே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். தட்டுங்கள், நல்லதுதான். ஆனால் வெட்டுப்பட்ட புள்ளி பெரிதாக்கினாலும் வெட்டுப்பட்டே இருக்கும். வரிகள் பெரிய எழுத்தில் இடித்துக் கொள்ளும். பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் பாண்ட் பகுதிக்குப் போய் அட்வான்ஸ்டு என்பதைக் கிளிக் செய்தால், தமிழுக்கு மட்டும் பாண்ட்டும் குறைந்தபட்ச அளவும் தேர்ந்தெடுக்கலாம். இதைப் புதியவர்கள் கட்டாயம் செய்து வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தின் தலையில் 'ஆங்கிலம்' என்று போட்டிருந்தால் இந்த ஏற்பாடும் பல நேரம் வேலை செய்யாது. படிப்பவர் தன் பங்கைச் செய்த பிறகும் தோற்கும்படி பக்கத்தைச் செய்வது என்ன நியாயம்?

வெப் பக்கம் செய்வது பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். நோட்பேடைத் திறந்து நான்கு வரி தமிழ் எழுதிச் சேவ் செய்திடுங்கள். முன்பு ஆன்சி என்ற முறையில் சேவ் ஆகி எல்லாம் கேள்விக்குறியாக மாறும். 2019ல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து யூடிஎப்8 தானாகவே இருக்கிறது. குரோமில் ஏதாவது ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கம் ஸ்டைல் வரிகள் வரும். லைன் ஹைட் எண்ணை மாற்றிப் பாருங்கள். உங்கள் திரையில் மட்டும்தான் மாறும். யாருக்கும் எதுவும் கெடாது.

அண்ணனின் பக்கத்தில் நாங்கள் மாற்றியது ஆறு வரி. தலைப்பு பாண்ட், அளவு 12லிருந்து 18 பிக்சல், வரி இடைவெளி, எழுத்து இடைவெளி நீக்கம், பொத்தானின் உயரம், தலையில் மொழிக் குறிப்பு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் மொபைலைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார். "நீலம், நீலமாத்தான் இருக்கு" என்றார். கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை. ஆனால் அரக்குக் கரை திரையில் பிரவுன் மாதிரி தெரிகிறது என்று இப்போது குறை சொல்கிறார். அது எழுத்து சம்பந்தப்பட்டது இல்லை, போட்டோ எடுத்த வெளிச்சமும் மானிட்டரும் சம்பந்தப்பட்டது. அதை இன்னொரு மாதம் பார்க்கலாம்.